ஆற்றைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

1

தாமிரபரணியைப் பற்றி எழுத உட்காருகிறவன் முதலில் அதன் பெயரில் சிக்கிக்கொள்கிறான். பொருநை என்ற பெயர், தாம்ரபர்ணி என்ற வடமொழிப் பெயர், கிரேக்கர் இலங்கைக்கு இட்ட தப்ரொபேன் என்ற பெயர் - இவற்றுக்குள் என்ன உறவு என்பதற்குக் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட தம் திருநெல்வேலிச் சரித்திரத்திலேயே இடம் ஒதுக்கினார். பெயரிலிருந்து மீண்டால் மண்ணுக்குள் இறங்கிவிடலாம். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரே தோண்டினார். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டசபையில் அறிவித்தார்கள். இவை எல்லாம் ஆற்றங்கரை நாகரிகத்தின் வயதைச் சொல்கின்றன. வயதைச் சொல்வதில் நமக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. ஆனால் ஆற்றை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

'பார்த்துக்கொள்வது' என்பது வீட்டுச் சொல். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், மாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். 'பாதுகாப்பு' என்பது பின்னால் வந்த மேடைச் சொல். ஆற்றைப் பொறுத்தவரை முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு நாம் எப்படி வந்தோம் என்பதே இங்கு விஷயம்.

இன்று திருநெல்வேலியிலும் அதன் சுற்று ஊர்களிலும் ஆற்றுப் பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்துப் பதினைந்து பேர் சாக்கும் கையுறையுமாகப் படித்துறையில் இறங்குகிறார்கள். பாபநாசத்தில், பரிகாரம் முடித்து உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறவர்களின் துணிகளை வாரி வெளியே போடுகிறார்கள். பாவம் தொலைந்துபோகிறது, துணி தொலைவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு வக்கீல், நாலைந்து கல்லூரிப் பையன்கள், ஒரு ஜவுளிக்கடைக்காரர் - இப்படித்தான் அந்தக் கூட்டம் அமைகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையாகப் படலாம். முந்நூறு பிரதி அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் நாம் அதை வேடிக்கை பார்க்கும் தகுதி உடையவர்கள் அல்ல.

இவர்களைக் கேட்டால், முன்னோர் ஆற்றைத் தாயாகக் காத்தார்கள், நாங்கள் அதைத் தொடர்கிறோம் என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தோடு உடன்பட மறுக்கிறது. அவர்கள் மீதுள்ள மரியாதையினால்தான் மறுக்கிறது.

2

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். இரண்டு பருவமழையும் அதன் மலையில் விழுவதால் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் விளைந்தது. குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருமுன் கட்டியவை. எட்டிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பி 86,000 ஏக்கருக்குக் குறையாமல் பாய்கின்றன.

கிழக்கு நாடுகளில் நீர்ப்பாசனம் என்பது மத்திய அரசாங்கத்தின் வேலை, அதிலிருந்தே அங்கே எதேச்சாதிகாரம் பிறந்தது என்று 1853-இல் மார்க்ஸ் எழுதினார். நூறு வருஷம் கழித்து விட்ஃபோகல் அதை ஒரு பெரிய சித்தாந்தமாகவே ஆக்கினார். தாமிரபரணியைக் கண்ணால் பார்த்தவருக்கு அது ஒட்டவில்லை. இங்கே ஒரு சக்கரவர்த்தி மேலே உட்கார்ந்து ஏழு அணைகளுக்கும் ஒரே வரைபடம் போட்டுத் தரவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகள், ஒன்றுக்கு மிஞ்சிய தண்ணீரை அடுத்தது பிடிக்கும்படி கட்டின. ஆற்றின் சரிவே அவற்றை ஒரு அமைப்பாக்கியது.

கட்டியவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது கதை. கன்னடியன் கால்வாய்க்குச் சேரன்மாதேவிப் பக்கம் சொல்லும் கதை எல்லோரும் அறிந்தது. கன்னட தேசத்துப் பிரம்மசாரி ஒருவன், ராஜாவின் வியாதியைத் தானமாக வாங்கியதற்குக் கிடைத்த செல்வத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பொதிகைக்கு வந்து அகத்தியரைப் பார்க்கிறான். ஒரு பசுவின் பின்னால் போகச் சொல்கிறார் முனிவர். பசு நடந்த வழியில் கால்வாய் வெட்ட வேண்டும், அது கோமியம் விட்ட இடத்தில் மடை வைக்க வேண்டும், படுத்த இடத்தில் குளம் தோண்ட வேண்டும். இது புத்திசாலித்தனமான கதை. மாடு சரிவை அறிந்து நடக்கும். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தின் மட்டம் அது. மழை பொய்த்தால் சேரன்மாதேவியில் பிள்ளையாருக்கு மிளகு அரைத்துப் பூசி, அபிஷேக நீர் கால்வாயில் விழும்படி விடுவார்கள். பிள்ளையாருக்கே எரிச்சல் உண்டாக்கிக் காரியம் சாதிக்கும் உரிமை அந்த வழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிரம்மசாரி இருக்கிறான், முனிவர் இருக்கிறார், பசு இருக்கிறது. மண் வெட்டியவன் இல்லை.

கல்வெட்டும் இதைத்தான் வேறு பாஷையில் செய்கிறது. கிராம சபை என்றால் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் அங்கே ஏரி வாரியம் வருகிறது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்தது, உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. சபையில் பேச நிலம் சொந்தமாக இருக்க வேண்டும், சாஸ்திரம் படித்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வந்த யோசனைக்கெல்லாம் 'கூடாது, கூடாது' என்று சொல்லிக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு அபராதம் என்றும் சொல்கிறது. நம்மில் பலர் அபராதம் கட்டியே ஓட்டாண்டி ஆகியிருப்போம். சிரிப்பு அடங்கியபின் கவனிக்க வேண்டியது இது: அபராதம் கட்டவாவது உள்ளே ஓர் ஆசனம் வேண்டும். வெளியே நின்றவன் 'கூடாது' என்று சொல்லவே வழியில்லை.

வெளியே நின்றவன்தான் தண்ணீரை அறிந்தவன். இந்தப் பள்ளத்தாக்கில் குளத்து மடையைத் திறந்து அடைத்து, வரப்பு வரப்பாகத் தண்ணீர் பங்கிட்டவன் மடைக்குடும்பன். 2021-இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரைச் சட்டப்படி பெற்ற சமூகத்தின் முன்னோர் இவர்கள். பழைய தஸ்தாவேஜுகளில் பள்ளர் என்று வருகிறவர்கள். குளம் நிறைந்திருக்கும்போது குமிழித் தூம்பைத் திறக்க ஒருவன் மூச்சடக்கி அடிவரை முங்க வேண்டும். தவறினால் மடையின் இழுப்பு அவனை விடாது. கரையின் எந்த இடத்தில் நண்டு வளை இருக்கிறது, எந்த வயல் கடைமடை, எந்த வருஷம் தண்ணீர் எட்டாமல் போகும் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. கூலி களத்துமேட்டில் நெல்லாகக் கிடைத்தது. பிராமண, வேளாள மிராசுதாரர்கள் நிலமும் தண்ணீர் உரிமையும் வைத்திருந்தார்கள். டேவிட் லட்டன் 1985-இல் வெளியிட்ட திருநெல்வேலி விவசாயச் சரித்திரம் இந்த ஈரநிலத்தின் அதிகார அடுக்கை விரிவாகக் காட்டுகிறது.

ஆகவே 'முன்னோர் காத்தார்கள்' என்ற வாக்கியத்தில் எழுவாய் குழம்பிக் கிடக்கிறது. காத்த கையும் உடைமை கொண்டாடிய வாயும் ஒரே உடம்பில் இல்லை. ஆறு நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்பது உண்மை. அந்தப் பராமரிப்பு ஒரு பெரும் அநியாயத்தின் மேல் நின்றது என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாத சரித்திரம் ஸ்தல புராணம்தான்.

3

கம்பெனி அரசாங்கத்தின் கடைசி வருஷங்களில் குடிமராமத்து தளர்ந்துகொண்டிருந்தது. 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி ஊரார் கூடிச் செய்ய வேண்டிய பாசன வேலைக்கு ஒருவன் வராவிட்டால், அந்த வேலையின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது அது. வழக்கத்தைச் சட்டமாக எழுத நேர்ந்துவிட்டது என்றாலே வழக்கம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பின் ஆறு ஆபீஸுக்குள் போயிற்று. ஸ்ரீவைகுண்டம் அணை 1873-இல் முடிந்தது. எட்டில் அது ஒன்றுதான் எஞ்சினீயரின் அணை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர் விழுச்சியின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தார்கள். ஆறு முதல் தடவையாக நெல்லுக்கு அல்லாமல் நூலுக்கு வேலை செய்தது. 1940-களில் 143 அடி உயரக் கொள்ளளவோடு பாபநாசம் அணை வந்தது. 1958-இல் 118 அடியோடு மணிமுத்தாறு வந்தது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. அணை இல்லாவிட்டால் கோடையில் இன்றைய நகரங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும், ஜில்லா தாண்டி விருதுநகர்ப் பக்கத்துக்கும் குழாய் போகிறது.

மாறியது வேறொன்று. விவசாயி ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்கத் தொடங்கினான். மடைக்குடும்பனின் தலைக்குள் இருந்தது அளவுகோலுக்குப் போயிற்று. களத்துமேட்டு நெல் நின்றது. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மில்லுக்குப் போனார்கள், பம்பாய்க்குப் போனார்கள். போனது சரி. அவமானத்தோடு கூடிய ஒரு அறிவை யாரும் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கமாட்டார்கள். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. பணத்தில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது, வேலையில் பெரும்பங்கு மண் அள்ளும் இயந்திரத்துடையது. பெயரில் இருந்த 'குடி' மட்டும் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதன் கணக்கு வந்து சேர்ந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அணைகள் திறந்தன, குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு மழையை எந்தக் குடும்பனாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் கரை எங்கே மெலிந்திருக்கிறது, எந்தக் கலிங்கை முதலில் திறக்க வேண்டும் என்று இருட்டில் போய்ப் பார்க்கத் தெரிந்த ஆள் ஊருக்கு எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று கேட்கலாம்.

4

இந்த இடத்தில்தான் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருகிறது. அதற்கு நிலம் இல்லை, சபை இல்லை, மண்வெட்டி இல்லை, முத்திரை இல்லை. அதிகாரமும் உழைப்பும் இரண்டும் இல்லாத மூன்றாவது ரக மனிதர்கள் ஆற்றுக்கு இதற்கு முன்னால் இருந்ததே கிடையாது. இவர்கள் யாருடைய தொடர்ச்சியும் அல்ல, புதிதாக வந்தவர்கள். அவர்களுடைய கௌரவம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இவர்களிடம் என்ன இருக்கிறது? எண்ணிக்கை இருக்கிறது, மனு இருக்கிறது, சாட்சி இருக்கிறது.

எண்ணிக்கைக்கு ஓர் உதாரணம். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் வருஷந்தோறும் தைமாதத்தை ஒட்டித் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் விடிகாலையில் குளத்தங்கரையில் நின்று தலை எண்ணுகிறார்கள். எண்ணப்படும் குளங்கள் அந்தக் கால்வாய்கள் நிரப்பும் குளங்களே. பறவையை எண்ணப்போனவன் குளத்தைப் பார்க்கிறான், குளத்தைப் பார்த்தவன் மடையைப் பார்க்கிறான், எங்கே சாக்கடை சேர்கிறது, எங்கே கரை ஆக்கிரமிப்பு என்று அறிகிறான். மடைக்குடும்பன் தலைக்குள் இருந்த கணக்கில் ஒரு மூலை, காலம் தாழ்ந்து, கடனில்லாத கைகளில் எழுதப்படுகிறது.

கடனா நதி தாமிரபரணியில் கலக்குமிடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் ஓவியமும் மரச்சிற்பமும் உண்டு. 1532-இல் இந்த ஆற்றங்கரையில் நடந்த போரைச் சில ஓவியங்களில் ஆய்வாளர் காண்கிறார்கள். கோபுரத்துக்கு வெளியே மருதமரங்களிலும் இலுப்பைகளிலும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஊர் அவற்றை விரட்டாமல் வைத்திருந்தது. 2005 பிப்ரவரியில் அந்த இடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 'கம்யூனிட்டி'யைக் கலந்து நடத்தும் இவ்வகைக் காப்பகம் இந்தியாவிலேயே அதுதான் முதல். பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. பெரிய விஷயங்கள் சின்ன இடத்திலிருந்து தொடங்குவதில் நமக்கு ஆச்சரியம் கூடாது.

மனுவுக்கு உதாரணம், நல்லகண்ணு. 1924-இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். நெல்லைச் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1956 வரை சிறையில் இருந்தவர். நிலத்துக்காகவும் கூலிக்காகவும் விவசாயிகளைத் திரட்டியவர். அவர் தம் எண்பத்தைந்து வயதில், ஆற்று மணலுக்காக உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் ஐந்து வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை வந்தது. மணல் என்பது ஆற்றின் களஞ்சியம். அது போனால் உறைகிணறு வற்றும், அணைக்கட்டின் அடி தெரியும், கீழ்க்கரையில் கடல்நீர் ஏறும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, நிலத்துக்காகச் சிறை போனவர்தான் மணலுக்காகக் கோர்ட்டுக்கும் போனார் என்பது. அவரிடத்தில் ஆறு வேறு, ஆற்றங்கரையில் வேலை செய்தவன் வேறு என்று பிரியவில்லை.

எல்லா மனுவும் ஜெயிப்பதில்லை. கங்கைகொண்டானில் குளிர்பானக் கம்பெனிகளுக்கு ஆற்று நீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கில் 2016 நவம்பரில் தடை கிடைத்தது, 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 பைசா என்ற விலை மட்டும் ஊர் வாயில் நின்றது. அந்த விலையை ஊருக்குத் தெரியவைத்ததும் ஒரு காரியம்தான்.

5

மூன்றாவது, சாட்சி. இங்கேதான் குழுக்கள் தடுமாறுகின்றன.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் சிறையிலிருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டு, கட்சிக்காரர்களோடு திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாக வந்தார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. ஓட வழியில்லாத பக்கம் ஆறு இருந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. பெரும்பாலோர் மூழ்கி இறந்தார்கள் என்று விசாரணைக் கமிஷன் சொன்னது. மூழ்குவதற்கு அவர்கள் ஆற்றுக்கு வரவில்லை.

அந்த மாஞ்சோலை எங்கே இருக்கிறது? மணிமுத்தாறுக்கு மேலே, இதே ஆற்றின் நீர்ப்பிடிப்பில். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. சமவெளியில் நிலம் இல்லாதவர்கள் மலையேறிக் காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். 1988-இல் களக்காடு - முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஏற்பட்டது. 2028-இல் முடியவேண்டிய குத்தகைக்கு முன்பே, 2024-இல், கம்பெனி வெளியேறியது. தொழிலாளர்கள் நாலு தலைமுறையாக இருந்த லயன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லப்பட்டார்கள். தோட்டத்தை அரசே எடுத்து நடத்தக் கேட்ட மனுக்களை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளியது. காடு மீண்டும் காடாக வேண்டும் என்பதில் ஆற்றுக்கு நன்மை உண்டு. நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் காட்டை அழித்த கம்பெனி கணக்கு முடித்துப் போகிறது, அழிக்க வேலை வாங்கப்பட்டவன் ஆக்கிரமிப்பாளனாகிறான் என்றால், 'கூடாது' என்று சொல்லும் வாய் எங்காவது இருக்க வேண்டாமா? மானூர்ச் சபைக்கு வெளியே நின்றவன் இன்னமும் வெளியேதான் நிற்கிறான்.

2018 அக்டோபரில் 144 வருஷத்துக்கு ஒரு தரம் என்று சொல்லி மஹா புஷ்கரம் நடந்தது. படித்துறைகள் வெள்ளையடிக்கப்பட்டன, ஆரத்தி காட்டப்பட்டது, லட்சக்கணக்கில் ஜனங்கள் முழுக்குப் போட்டார்கள். ஆற்றைத் தாய் என்று அழைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தாய்க்குக் கூலி பாக்கி கிடையாது. தாயின் கரையில் இறந்தவர்களைப் பற்றித் தாய் பேசுவதில்லை. இந்த மௌனத்தில் நமக்கும் பங்கு உண்டு. தாமிரபரணி நம் எழுத்தில் பெரும்பாலும் படித்துறையாகவே வருகிறது. குளித்துக் கரையேறியவனின் ஞாபகம் அது. மடையில் முங்கியவனின் ஆறு நம்முடைய பக்கங்களில் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் தமக்குள் கணக்குப் பார்க்கலாம்.

பாதுகாப்புக் குழுக்காரர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை சின்னது. முன்னோர் பெயரைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னோர் இல்லை என்பது உங்கள் பலவீனம் அல்ல. சபையின் ஆசனத்தையும் குடும்பனின் அடிமைத்தனத்தையும் இரண்டையும் வாங்கிக்கொள்ளாமல் ஆற்றைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இந்தப் பள்ளத்தாக்கில் முதல் தடவையாகச் சோதித்துப் பார்க்கிறவர்கள் நீங்கள். சோதனை தோற்கலாம். ஆனால் சாக்கில் துணி பொறுக்கும் அந்தக் காலை நேரத்தில், மடை திறக்கத் தெரிந்த கிழவர் யாராவது ஊரில் உயிரோடு இருந்தால் அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். கொக்கிரகுளத்துப் பாலத்தைக் கடக்கும்போது பதினேழு என்ற எண்ணையும் உங்கள் பறவைக் கணக்கு நோட்டின் ஓர் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.